பற்றரில ஓடுற ராஸ்பெரி பை, விட்டு விட்டு வாற சிக்னல்: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

எங்கட பக்கம் இப்ப குளம், கிணறு, கோழிக்கூடு எண்டு கண்ட இடத்திலயும் ஒரு சின்னக் கொம்பியூட்டரை வைச்சு தண்ணிமட்டம், வெக்கை எல்லாத்தையும் றேடியோவில வீட்டுக்கு எடுக்கிற பெடியள் பெட்டையள் கொஞ்சப்பேர் இருக்கினம், அதில அரைவாசிப்பேர் ஏதும் பிழைச்சா எனக்குத்தான் அடிக்கினம். கேள்வி கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒண்டுதான்: "அக்கா மேசையில வைச்சா நல்லா வேலை செய்யுது, குளக்கட்டில வைச்சா ஒண்டு வருது ரெண்டு வரேல்ல." ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிச் சொல்லி வாய் நோகுது, அதால இஞ்ச எழுதி வைக்கிறன்.

என்ர சாமான் என்னெண்டா, மல்லாவிப் பக்கம் ஒரு சின்னக் குளத்துக் கட்டில, துருசுக்குக் கிட்ட, ஒரு கம்பத்தில ராஸ்பெரி பை சீரோ டபிள்யூ எண்ட சின்னக் கொம்பியூட்டர், கீழ சும்மா பை எண்டு சொல்லுறது இதைத்தான். அதோட எஸ்எக்ஸ் 1278 சிப் இருக்கிற லோரா மொடியூல் (சின்னச் செய்தியைத் தூரத்துக்கு அனுப்பிற றேடியோ), 433 மெகாஹேர்ட்ஸ். 12 வோல்ற் 7 அம்பியர் அவர் பற்றரி ஒண்டு, 20 வாற்ஸ் சோலர். வீடு 1.4 கிலோமீற்றர் தள்ளி. உங்களிட்ட வேற கொம்பியூட்டர் போட், வேற றேடியோ இருந்தாலும் கீழ சொல்லுறதில முக்கால்வாசி பொருந்தும்.

எதில தொடங்கிறது அக்கா? கோட்லயா, அன்ரனாவிலயா?

ரெண்டிலயும் இல்லை. கரண்டில தொடங்குங்கோ.

இதைச் சொன்னா ஒருத்தரும் நம்பிறேல்ல, நானும் நம்பேல்ல, ரெண்டு கிழமை கோட்டை மாத்தி மாத்தி எழுதினன். றேடியோ சும்மா கேட்டுக்கொண்டு இருக்கேக்க 10, 12 மில்லி அம்பியர்தான் எடுக்கும். அனுப்பத் தொடங்கின உடன, முழுப் பவர் குடுத்திருந்தா, ஒரே பாய்ச்சல்ல 120க்குப் போகும். அந்த நேரம் பாத்து பையும் முழிச்சு, வைஃபையும் ஓனா இருந்தா மூண்டும் சேந்து இழுக்கும். மேசையில தடிச்ச கேபிள், நல்ல சாச்சர், அதால ஒண்டும் தெரியாது.

நான் செய்த விசர் வேலை என்னெண்டா, பற்றரிப் பெட்டியைக் கட்டுக்குக் கீழ நிழல்ல வைச்சு, அங்கயே 5 வோல்ற் ஆக்கி, அதை பழைய ரெலிபோன் வயர்ல 5 மீற்றர் மேல கம்பத்துக்குக் கொண்டுபோனது. அரை மில்லிமீற்றர் செப்புக் கம்பி, போக 5 வர 5, மொத்தம் 10 மீற்றருக்கு கிட்டத்தட்ட 0.9 ஓம் வரும். மூண்டும் சேந்து 600 மில்லி அம்பியர் இழுத்தா அரை வோல்ற் வயரிலயே போயிடும். ரேமினல் பச்சை பிடிச்சுக் கிடந்தது, அதில இன்னும் கால் வோல்ற். மேல போய்ச் சேருறது 4.2. றேடியோவுக்கு நான் தனியா ஒரு ஏஎம்எஸ் 1117 ரெகுலேற்றர் (வோல்ற்றேஜை 3.3க்கு இறக்கி நிப்பாட்டிற சாமான்) போட்டிருந்தன், அது வேலை செய்யத் தனக்கு ஒரு 1.1 வோல்ற் மேலதிகமா வேணும் எண்டு கேக்கும், அப்ப மிச்சம் 3.1. அதுவும் நிண்டு நிதானமா 3.1 இல்லை, குலுங்கிக் குலுங்கி 3.1.

கண்டுபிடிச்ச அண்டைக்கு மைம்மல் நேரம், நுளம்பு பிச்சுத் தின்னுது, மருமகன் வீட்டில ரிசீவருக்கு முன்னால போனோட இருக்கிறான். நான் அனுப்பச் சொல்லி அமத்த, அவன் "வரேல்ல... வரேல்ல... வந்திட்டு... வரேல்ல" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறான். பற்றரியைத் தூக்கிக்கொண்டு கட்டுக்கு மேல ஏறி, கம்பத்தடியிலயே வைச்சு, ஒரு சாண் வயர்ல குடுத்துப் பாத்தன். "வந்திட்டு, வந்திட்டு, வந்திட்டு." இருவது அனுப்பி இருவதும் வந்திட்டு. கோட்ல ஒரு வரி மாத்தேல்ல.

அதால 5 வோல்ற்றைக் கீழ செய்து மேல அனுப்பாதேங்கோ. 12ஐ அப்பிடியே மேல கொண்டுபோய் போட்டுக்குப் பக்கத்தில 5 ஆக்குங்கோ. 12ல அதே வேலைக்கு அரைவாசிக் கரண்டுதான் ஓடும், வயர்ல கால் வோல்ற் விழுந்தாலும் 12க்கு அது நுள்ளின மாதிரியும் இல்லை.

மீற்றர் வைச்சுப் பாத்தன், 5.1 காட்டுது, அசையவே இல்லை. பிறகென்ன?

மல்ரிமீற்றர் ஒரு செக்கனுக்கு ரெண்டு மூண்டு தரம்தான் பாத்துச் சொல்லும். உங்கட றேடியோ அனுப்பி முடிக்க 40 மில்லி செக்கன். அது எழும்பி விழுந்து முடிஞ்ச பிறகுதான் மீற்றர் கண் முழிக்கும்.

ஒசிலோஸ்கோப் இருக்கிற ஆரையும் தெரிஞ்சா நல்லது. இல்லையெண்டா சுகமான வழி, றேடியோவை ஒரு பத்துச் செக்கனுக்கு விடாமல் அனுப்ப வைச்சு அப்ப மீற்றரைப் பாருங்கோ, விழுறது வடிவாத் தெரியும். ஆனா இதைச் செய்யேக்க அன்ரனாவைக் கழட்டிப்போட்டு 50 ஓம் சுமை ஒண்டு பூட்டுங்கோ, ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டரைப் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒட்டினாக் காணும், ஊருக்கெல்லாம் இரைச்சல் குடுக்கத் தேவையில்லை. ஒண்டும் பூட்டாமல் வெறுமையா அனுப்பினா மொடியூலின்ர பவர் அம்பிளிபயர் போகலாம், அது போனாலும் வேலை செய்யிற மாதிரியே நடிக்கும்.

அளக்கிற இடமும் முக்கியம். பற்றரி ரேமினல்ல அளந்து ஒரு பிரயோசனமும் இல்லை, றேடியோ மொடியூலின்ர பின்னிலயே குத்தி அளவுங்கோ.

கரண்ட் குறைஞ்சா ராஸ்பெரி பை தானே சொல்லும்தானே? நான் கேட்டுப் பாத்தன், சைபர் எண்டுதான் வருது.

உங்களிட்ட இருக்கிறது சீரோ எண்டா அந்தச் சைபரை நம்பாதேங்கோ. 2014ல வந்த பி பிளஸ்ல இருந்து பிறகு வந்த பையளில வோல்ற்றேஜ் 4.63க்குக் கீழ போனாக் கண்டுபிடிக்கிற சின்னச் சேர்க்கிட் ஒண்டு இருக்கு, ஆனா சீரோ வகையில அது வைக்கேல்ல. கண்ணில்லாத ஆளிட்டப் போய் "ஆரும் வந்தவையோ" எண்டு கேட்ட மாதிரி.

பெரிய பை வைச்சிருக்கிற ஆக்கள், வோல்ற்றேஜ் விழுந்ததோ எண்டு பையிட்டக் கேக்கிற அந்த த்ரொட்டில் கொமாண்டை (vcgencmd get_throttled) அடிச்சுப் பாக்கலாம். 50000 எண்டு வந்தா, போட் ஓன் பண்ணினதுக்குப் பிறகு எப்பவோ ஒருக்கா வோல்ற்றேஜ் விழுந்திருக்கு, வேகமும் குறைச்சிருக்கு, இப்ப சரி எண்டு அர்த்தம். கடைசியிலயும் 5 வந்து 50005 எண்டா இப்ப இந்த நிமிசமும் விழுந்துகொண்டு கிடக்கு.

கப்பாசிற்றர் ஒண்டு போட்டா எல்லாம் சரிவரும் எண்டு ஒராள் சொன்னவர்.

சரிவரும், சரிவராது. கணக்குப் பாப்பம். 470 மைக்ரோ ஃபரட் ஒண்டு, 120 மில்லி அம்பியர் இழுக்குது, 0.3 வோல்ற் வரைக்கும் விழலாம் எண்டு வைச்சா அது தாங்கிறது ஒரு மில்லி செக்கன் சொச்சம்தான். அனுப்பிற நேரம் 40 மில்லி செக்கன். அப்ப கப்பாசிற்றர் முழு அனுப்பலையும் சுமக்கிறதுக்கில்லை, அந்த முதல் பாய்ச்சலைத் தாங்கி ரெகுலேற்றர் முழிக்கிற வரைக்கும் சாட்டுச் சொல்லுறதுக்கு. மிச்சத்தை ரெகுலேற்றரும் வயரும்தான் இழுக்கவேணும்.

போடுங்கோ, நானும் போட்டிருக்கிறன், 470 ஒண்டும் பக்கத்தில 0.1 செராமிக் ஒண்டும், மொடியூல் காலோட ஒட்டி. அரை அடி தள்ளி பிரெட்போட்ல குத்தி வைச்சிட்டு "போட்டனான் அக்கா" எண்டு சொல்லாதேங்கோ. 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ஆர்எஃப் 24 மொடியூல் வைச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும் இது உண்மையிலயே மந்திரம் மாதிரி வேலை செய்யும், அதுக்கு 10 மைக்ரோவே காணும், அன்ரனா பூட்டின பெரிய வகைக்குத்தான் கூட வேணும்.

18650 செல் ஒண்டில இருந்து நேரா 3.3 ரெகுலேற்றருக்குக் குடுத்திருக்கிறன். முதல் நாள் நல்லா வேலை செய்தது.

முதல் நாள் செல் 4.2ல இருந்திருக்கும். ரெண்டாம் நாள் 3.7. மேல சொன்ன அதே 1117 எண்டா அதில 1.1 கழியுங்கோ, 2.6. பவர் குறைச்சு அனுப்பினா சிப் இதுக்கும் ஓடும், 20 டிபிஎம் (றேடியோ அனுப்பிற பவரை அளக்கிற அலகு) எண்ட முழுப் பவருக்கு ஆகக் குறைஞ்சது 2.4 வோல்ற் வேணும் எண்டு அதின்ர டேற்றா சீற்றே சொல்லுது, அனுப்பேக்க விழுந்தா அந்தக் கோட்டைத் தாண்டியிடும். குறைஞ்ச இழப்போட வேலை செய்யிற ரெகுலேற்றர் வேற வகையில இருக்கு, கடையில கேக்கேக்க "ட்ரொப் அவுட் எவ்வளவு" எண்டு கேளுங்கோ, கடைக்காரருக்குத் தெரியாட்டி நம்பரை வாங்கிப் போன்ல தேடுங்கோ.

லொக்ல "அனுப்பியாச்சு" எண்டு வருது. வீட்டில ஒண்டும் இல்லை. பையை ரீஸ்ராட் பண்ணினா ரெண்டு நாளைக்குச் சரி, பிறகு பழையபடி.

இது எனக்குப் பிடிச்ச கேள்வி, ஏனெண்டா இதில எல்லாரும் பிழையான ஆளைத்தான் பிடிச்சு அடிக்கிறவை.

வோல்ற்றேஜ் ஒருக்கா ஆழமா விழுந்தா பை தப்பிடும், றேடியோ சிப் மட்டும் விழுந்து எழும்பும். எழும்பேக்க நீங்கள் சொல்லிக் குடுத்த ஒண்டும் அதுக்கு ஞாபகம் இருக்காது. எஸ்எக்ஸ் 1278 பிறந்த குணத்துக்குப் போனா லோராவில நிக்காது, பழைய எஃப்எஸ்கே முறையில 434.0 மெகாஹேர்ட்ஸ்ல நிக்கும். நீங்கள் வீட்டில கேட்டுக்கொண்டிருக்கிறது 433ல லோரா. அது தன்ர பாட்டுக்கு வேற ஒரு பாசையில வேற ஒரு இடத்தில நிண்டு கதைக்கும், அல்லது கதைக்கவே மாட்டுது. பைக்கு இது ஒண்டும் தெரியாது, அது "அனுப்பு" எண்டு எழுதிப்போட்டு அனுப்பியாச்சு எண்டு லொக்ல போட்டிட்டுப் போயிடும்.

செய்ய வேண்டியது, ஒவ்வொரு தரமும் அனுப்ப முந்தி நீங்கள் எழுதின ஃப்ரீகுவென்சியை சிப்பிட்ட இருந்து திருப்பி வாசியுங்கோ. மாறியிருந்தா ரீசெற் பின்னை ஒருக்கா இழுத்து விட்டு முதல்ல இருந்து எல்லாத்தையும் திருப்பி எழுதுங்கோ, எத்தினை தரம் இப்பிடி நடந்தது எண்டும் ஒரு கணக்கு வைச்சு அதையும் அடுத்த பைக்கற்றில அனுப்புங்கோ. குளத்தில நிக்கிற என்ர நோட்ல (அனுப்பிற பெட்டியில) அந்த எண் ஒரு மாசமா சைபர்ல நிண்டது, திடீரெண்டு ஒரு நாளைக்கு 4, 5 எண்டு ஏறத் தொடங்க நான் குளத்துக்குப் போகாமலே ரேமினல் கழண்டிட்டு எண்டு சொல்லிப்போட்டன். போய்ப் பாத்தா அதுதான்.

இன்னொண்டு, "அனுப்பி முடிஞ்சுது" எண்டு சிப் சொல்லுற வரைக்கும் காத்துக்கொண்டு நிக்கிற கோட்ல ஒரு நேர எல்லை வையுங்கோ. சிப் விழுந்திட்டா அது ஒருநாளும் சொல்லாது, உங்கட புரோகிராம் விடியும் வரைக்கும் வாசல்ல நிக்கும்.

பவர் பாங்ல ஓட்டலாமோ?

பை முழிச்சபடி நிண்டா ஓடும். பவரை மிச்சம் பிடிக்க எண்டு நித்திரை கொள்ள வைக்கிற போட் எண்டா, கரண்ட் குறைஞ்ச உடன பாங் "போன் சாச் ஆகி முடிஞ்சுது" எண்டு நினைச்சு தானே ஓஃப் ஆகியிடும். கனக்க பாங் அப்பிடித்தான். குளத்துக்குப் போடாதேங்கோ.

பவரை 20க்கு ஏத்தினா தூரம் கூடுமோ?

17ல இருந்து 20க்கு ஏத்தினா 3 டெசிபல், வெட்டையில தூரம் 1.4 மடங்கு, அதுவும் பேப்பர்ல. கரண்ட் 87ல இருந்து 120க்கு ஏறும். அதைவிட சிப்புக்குள்ள ஒரு கரண்ட் காவல் இருக்கு, சும்மா விட்டா 100 மில்லி அம்பியர்ல நிக்கும், அதை உயத்தாமல் 20 கேட்டா குடுக்காது. 20ல அனுப்பினா நூறில ஒரு பங்கு நேரத்துக்கு மேல அனுப்பவும் கூடாது. நான் 17லதான் வைச்சிருக்கிறன், 14லயும் வந்தது.

பவரைக் கூட்டக் கூட்டக் கரண்டுப் பிரச்சினை கூடி பைக்கற் குறையிறதைப் பாத்தா உங்களுக்கே சிரிப்பு வரும். அதையே பரிசோதனையாவும் வைக்கலாம்: பவரைக் குறைக்க நல்லா வந்தா பிழை கரண்டில.

இன்னொரு குழி இருக்கு. சிப்பில வெளிய போக ரெண்டு வாசல், ஒண்டு சாதாரணம், மற்றது பூஸ்ட். கடையில வாற கனக்க மொடியூல்ல அன்ரனா பூஸ்ட் வாசலோட மட்டும்தான் ஒட்டிக் கிடக்கு. கோட்ல பாவிக்கிற லைப்ரரில மற்ற வாசலைச் சொல்லிவிட்டா மேசையில வேலை செய்யும், முத்தம் தாண்டாது.

லோராவில ஸ்ப்ரெடிங் ஃபாக்டரை (செய்தியை எவ்வளவு மெதுவா இழுத்து அனுப்பிறது எண்ட எண்) 12க்கு வைச்சனான், தூரம் கூடும் எண்டு. இப்ப முந்தியை விட மோசம்.

10 பைற் செய்தி ஒண்டு, 125 கிலோஹேர்ட்ஸ் பாண்ட்ல, 7 எண்டா காத்தில இருக்கிறது 41 மில்லி செக்கன். 12 எண்டா 991. கிட்டத்தட்ட ஒரு செக்கன் முழுக்க முழுப் பவர்ல இழுக்கவேணும். பற்றரியும் வயரும் உறுதியா இருந்தா 12 நல்லா தூரம் போகும், உண்மைதான், 7 கேக்கிறதை விட 12 டெசிபல் சொச்சம் மெல்லிசாக் கேக்கும். பலவீனமான சப்ளையில 12 எண்டது நோயாளியை ஓட விட்ட மாதிரி. 9, 10ல வைச்சுப் பாருங்கோ. இப்ப நானும் 9லதான்.

அன்ரனாவில என்ன பாக்கிறது?

முதல்ல நடு ஊசி. திருகி ஏத்திற கனெக்ரர் ரெண்டு வகை இருக்கு, பாக்க ஒரே மாதிரி, திருகு ரெண்டுக்கும் வடிவா ஏறும். ஆனா வைஃபை ரௌட்டருக்கு வாற வகையில ஊசி எதிர்ப்பக்கத்தில இருக்கும். அதைக் கொண்டுவந்து லோராவில பூட்டினா நடுவில ஓட்டைக்கு ஓட்டை, ஒண்டோடொண்டு முட்டாது, வெளியில இருந்து பாத்தா பூட்டின மாதிரித்தான் கிடக்கும். கழட்டி வெளிச்சத்தில பாருங்கோ. நான் இதை மூண்டு பேரின்ர பெட்டியில கண்டிருக்கிறன், அதில ஒராள் படிப்பிக்கிற ஆள்.

பிறகு நீளம். 433க்கு கால் அலை 17.3 சென்ரிமீற்றர், ஒரு துண்டு செப்புக் கம்பியை அளந்து வெட்டி நிமித்தி வைச்சாலே மொடியூலோட சும்மா வாற ஸ்பிரிங்கை விட நல்லா இருக்கும். 868க்கு வெட்டினா 8.6. அன்ரனாவில 433 எண்டு ஒட்டியிருக்கிறதை அப்பிடியே நம்பாதேங்கோ, வேறொண்டை மாத்திப் பூட்டி வீட்டில வாற ஆர்எஸ்எஸ்ஐ எண்ணை (சிக்னல் எவ்வளவு பலமா வருது எண்டு சொல்லுறது) பாருங்கோ.

ரெண்டு பக்கமும் நிமிந்து நிக்கவேணும், ஒண்டு நிக்க ஒண்டு படுத்தா 20 டெசிபல் வரைக்கும் போகலாம். தகரப் பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ, பற்றரியோட ஒட்டி வைக்காதேங்கோ. போட்ல இருக்கிற அந்தக் குட்டி அமத்திற கனெக்ரரை அடிக்கடி கழட்டிப் பூட்டாதேங்கோ, அது ஒரு 30 தரத்துக்குத்தான் செய்தது.

கேபிள் நீளமா வேணும் எண்டா மெல்லிசு வேண்டாம், மெல்லிசில ஒரு மீற்றருக்கு அரை டெசிபலுக்கு மேல போகும். வீட்டில பழைய டிஷ் கேபிள் கிடந்தா அதையே போடுங்கோ, அது 75 ஓம், றேடியோ 50 ஓம், அதால நட்டம் 0.2 டெசிபல்தான், 10 மீற்றர் மெல்லிசு கேபிள் திண்டு போடுறது 6.

வெட்டையா நேரா வீடு தெரியுது, பிறகேன் வரேல்ல?

கண்ணுக்குத் தெரியிறது வேற, றேடியோவுக்கு வேணும் எண்டது வேற. அலை நூல் மாதிரிப் போறேல்ல, நடுவில வயிறு ஊதின கத்தரிக்காய் மாதிரிப் போகும். 433ல 1.4 கிலோமீற்றருக்கு நடுவில அந்த வயித்தின்ர அரைவிட்டம் 15 மீற்றர் சொச்சம், அதில 60 வீதமாவது, 9 மீற்றர், தடையில்லாமல் இருக்கவேணும். ரெண்டு பக்கமும் 3 மீற்றர் கம்பம் எண்டா அரைவாசி அலை வயலுக்குள்ள உழுதுகொண்டு போகுது.

குளக்கட்டு உயரம் எங்களுக்குக் கிடைச்ச வரம். ஆனா நடுவில ஒரு பனங்கூடலோ முதிரைக்காடோ நிண்டா மழைக்குப் பிறகு ஈர இலை எல்லாம் குடிக்கும், 2.4 கிகாஹேர்ட்ஸ்ல இன்னும் கூடக் குடிக்கும். நான் வீட்டுப்பக்க அன்ரனாவை தண்ணித்தாங்கிக்கு மேல ஏத்தினதுதான் எல்லாத்திலயும் பெரிய திருத்தம், ஒரு சதமும் செலவில்லை, தாங்கியடியில ஏறினதுக்கு அம்மாட்ட வாங்கின பேச்சைத் தவிர.

ஒரு விசயம், காலபோகத்தில குளம் நிரம்பி வான் பாயேக்க ஒரு மாதிரி வரும், சிறுபோகம் முடிய அடி தெரியேக்க வேற மாதிரி வரும். தண்ணியில பட்டுத் தெறிக்கிற அலையும் நேரா வாறதும் சேந்து சில நேரம் கூடும், சில நேரம் ஒண்டையொண்டு வெட்டும், மட்டம் மாற அதுவும் மாறும். அன்ரனாவை ஒரு முழம் ஏத்திப் பாருங்கோ, இறக்கியும் பாருங்கோ.

விடியப்பறம் மட்டும் நிக்குது, எட்டு மணிக்குப் பிறகு தானே வருது.

பற்றரி காணாது. சீரோ ஒண்டு சும்மா இருந்தாலே 100 மில்லி அம்பியர் அளவில எடுக்கும், 5 வோல்ற்ல ஒரு நாளைக்கு 12 வாற்ஸ் அவர், மாத்திற இடத்து நட்டத்தோட 14. உங்கட 12 வோல்ற் 7 அம்பியர் அவர் எண்டது பேப்பர்ல 84, ஈயப் பற்றரியை அரைவாசிக்கு மேல வழிக்கக்கூடாது, அப்ப 42. மூண்டு நாள். கார்த்திகை மழையில சூரியன் மூண்டு நாள் முகம் காட்டாமல் விடுறது எங்கட ஊரில என்ன புதினமோ? பையை நிப்பாட்டி பத்து நிமிசத்துக்கொருக்கா மட்டும் எழுப்பிற சின்ன ரைமர் போட் போடுங்கோ, அல்லது இந்த வேலைக்குப் பையே தேவையில்லை எண்டு ஒத்துக்கொண்டு ஒரு மைக்ரோகொன்ரோலரை வையுங்கோ. நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல, எனக்கு அதில படமும் எடுக்கவேணும்.

திடீர் திடீரெண்டு செத்து எழும்புற பையில மெமரி கார்ட்டும் கெதியில பழுதாகும், சொல்லிப்போட்டன்.

நடு மத்தியானம் மட்டும் வரேல்ல, பின்னேரம் சரி.

பாண்ட்விட்த்தை, அதாவது சிக்னல் பிடிக்கிற அகலத்தை, ஒடுக்கி வைச்சிருக்கிறியளோ? தூரம் கூடும் எண்டு 7.8 கிலோஹேர்ட்ஸ்ல வைச்சிருந்தா, வெயில்ல ஃப்ரீகுவென்சியைப் பிடிச்சு வைச்சிருக்கிற கிறிஸ்ரல் கொஞ்சம் விலகினாலும் ரெண்டு பக்கமும் ஒண்டையொண்டு தவற விட்டிடும். பாண்ட்ல கால்வாசி அளவுக்குத்தான் விலகலைத் தாங்கும், 7.8ல அது 2 கிலோஹேர்ட்ஸ். 433ல பத்து லட்சத்தில 10 பங்கு விலகினாலே 4.3 வந்திடும். 125ல வைச்சா 31 வரைக்கும் தாங்கும், கவலையில்லை.

பெட்டி கறுப்பெண்டா வெள்ளை அடியுங்கோ. லிதியம் செல் உள்ளுக்கு இருந்தா 45 பாகைக்கு மேல சாச் பண்ணக்கூடாது, எங்கட சித்திரை வெயில்ல மூடின பெட்டி அதை ஒன்பது மணிக்கே தாண்டும்.

பக்கத்தில யானை வேலி போகுது. அதாலயும் இருக்குமோ?

இருக்கும். வேலிக்குக் கரண்ட் விடுற மெசின் ஒரு செக்கனுக்கு ஒண்டு எண்ட அளவில அடிக்கும். கம்பியில புல்லு முட்டினா, இன்சுலேற்றர் வெடிச்சிருந்தா, அந்த இடத்தில ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னப் பொறி பாயும், பொறி எண்டாலே றேடியோ இரைச்சல். பழைய மத்திய அலை வானொலிப் பெட்டி ஒண்டை ஸ்ரேசன் இல்லாத இடத்தில வைச்சு வேலியோரமா நடந்து பாருங்கோ, டிக் டிக் எண்டு கேக்கிறது கூடுற இடத்தில பிழை கிடக்கு. லோரா இதைக் கனக்கத் தாங்கும். விலை குறைஞ்ச அந்த ரெண்டு துண்டு 433 ரான்ஸ்மிற்றர் ரிசீவர் சோடிதான் பாவம், செய்திக்கு நடுவில ஒரு டிக் விழுந்தா முழுச் செய்தியும் போச்சு. செய்தியைச் சுருக்கி, ஒரே செய்தியை மூண்டு தரம், இடைவெளியை மாத்தி மாத்தி அனுப்புங்கோ.

வேலியில கை வைக்காதேங்கோ, புல்லு வெட்டவும் போகாதேங்கோ. ஆர் பொறுப்போ அவையளுக்கு இடத்தைச் சொல்லுங்கோ, பொறி பாயிற வேலி யானையையும் மறிக்காது.

நோட் அனுப்புது எண்டு நிச்சயமாத் தெரியும். வீட்டு ரிசீவர்தான் கேக்குதில்ல.

ரிசீவரைப் பழைய எல்ஈடி பல்ப், மலிவுச் சாச்சர், ரௌட்டர் எல்லாத்திலயும் இருந்து ரெண்டு மீற்றர் தள்ளி வைச்சுப் பாருங்கோ. ஒருக்கா வெறும் பற்றரியில ஓட்டிப் பாருங்கோ. வந்திட்டா சாச்சர்தான் இரையுது.

உள்ள போன எறும்புக்கு என்ன செய்யிறது?

வயர் உள்ளுக்குப் போற ஓட்டையைப் பெட்டிக்கு அடிப்பக்கம் வையுங்கோ, வயரை ஒரு வளையம் தொங்க விட்டு ஏத்துங்கோ, தண்ணி வளையத்தில சொட்டியிடும். ஓட்டையை சிலிக்கன் வைச்சு அடையுங்கோ. எறும்பு முட்டையோட குடி வந்தா ரெண்டு பின்னுக்கு நடுவில ஈரம் பிடிச்சு, பையும் றேடியோவும் கதைக்கிற எஸ்பிஐ வயர்ல கண்ட கண்ட எண் எல்லாம் வரும். ஜம்பர் வயர் வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாத்தையும் ஈயம் வைச்சு ஒட்டுங்கோ, எஸ்பிஐ வேகத்தையும் 1 மெகாஹேர்ட்ஸ்க்கு இறக்குங்கோ, இந்த வேலைக்கு அது காணும்.

லோரா இல்லை, வைஃபையிலதான் எடுக்கிறன், அரை மணித்தியாலத்துக்கொருக்கா அறுபடுது.

பவரை மிச்சம் பிடிக்க வைஃபை தானே நித்திரை கொள்ளுற பவர் சேவிங்கை ஓஃப் பண்ணிப் பாருங்கோ. அதோட முடிஞ்சா நல்லது.

அனுமதி எடுக்கவேணுமோ?

ஃப்ரீகுவென்சியும் பவரும் கொழும்பில தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர கையில. மொடியூல்ல எழுதியிருக்கு எண்டதுக்காக அந்த ஃப்ரீகுவென்சியில அனுப்பலாம் எண்டு இல்லை, அவையளிட்டக் கேட்டிட்டுச் செய்யுங்கோ. குளக்கட்டில கம்பம் நடுறதுக்கு கமக்கார அமைப்பிட்டயும் சொல்லுங்கோ, அவையள் அறியாமல் நட்டா அடுத்த நாள் மாடு கட்டியிருக்கும்.

பாக்கப் போகேக்க என்னென்ன கொண்டு போறது?

மீற்றர், நல்லதெண்டு நிச்சயமாத் தெரிஞ்ச சாச் ஏத்தின பற்றரி ஒண்டு, ஒரு சாண் தடிச்ச வயர், வேலை செய்யுது எண்டு தெரிஞ்ச வேற அன்ரனா, ரேமினல் சுரண்ட ஒரு துண்டு அரத்தாள், நுளம்பு எண்ணெய். ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ, மாத்தின பிறகு இருவது பைக்கற் எண்ணுங்கோ, ரெண்டு வந்த உடன சரி எண்டு வீட்டை வெளிக்கிடாதேங்கோ. எண்ணுறதுக்கு வீட்டில ஒராள் வேணும். முழு நேரமும் லைன்ல நிண்டா ரீசார்ஜ் முடிஞ்சிடும், அதால நானும் மருமகனும் இப்ப பேசி வைச்சிருக்கிறம்: இருவதும் வந்தா ஒரு மிஸ்ட் கோல், ஒண்டு குறைஞ்சாலும் ரெண்டு.